தாத்தாவை எழுதுவது

அன்புள்ள ஐயா,

என் தாத்தா சென்ற ஆண்டு காலமானார். வயது 89. எங்கள் பெரிய குடும்பத்தில் கல்யாணமோ, மேல்படிப்போ, வேலை மாற்றமோ, எதுவானாலும் அவர் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் நடக்கும். முதலாண்டு நினைவுக்கு அவர் வாழ்க்கையைச் சிறு புத்தகமாகக் கொண்டுவரலாம் என்று முடிவாகி, 'நீதான் எழுதத் தெரிந்தவள்' என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒருநாள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். மூன்று மணி நேரம் பேசினார்கள். வீட்டுக்கு வந்து குறிப்பைப் புரட்டினால் 'நேர்மையானவர், கண்டிப்பானவர், ஆனால் பாசக்காரர்' என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. எனக்குத் தெரிந்த தாத்தா அதில் இல்லை. பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு தினமும் காலையில் தாத்தா பேப்பரை உரக்கப் படித்துக்காட்டுவார். இறந்தவர்கள் படம் வரும் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுவார். 'அந்தப் பக்கத்தை விட்டுட்டீங்களே' என்பார் பாட்டி. 'அதுல ஒண்ணும் இல்ல' என்பார் தாத்தா.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடைசி மகனோடு, அதாவது என் சித்தப்பாவோடு, தாத்தா பல வருஷம் பேசவில்லை. காரணத்தை இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசிக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். 'அதையெல்லாம் எழுதாதே' என்கிறார் பெரியப்பா. எழுதாமல் விட்டால் புத்தகமே பொய்யாகிவிடாதா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

தாத்தாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தப் பேப்பர் படிக்கும் காட்சிக்கே திரும்பிப் போனேன். நேர்மை, கண்டிப்பு, பாசம் ஆகிய மூன்றையும் எந்தத் தாத்தாவுக்கும் எழுதிவிடலாம். அந்தப் பக்கத்தைத் தாண்டியவர் உங்கள் தாத்தா ஒருவர்தான். அந்த வயதில் அந்தப் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருந்துவிடலாம். அதைப் பாட்டியிடமிருந்து மறைத்தாரா, தன்னிடமிருந்தேவா? பாட்டி தினமும் கேட்டிருக்கிறார் என்றால், பதில் என்ன வரும் என்று தெரிந்தேதான் கேட்டிருக்க வேண்டும். பாட்டி இன்று இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

மூன்று மணி நேரம் பேசியும் ஒன்றும் தேறவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரு குழுவாக உட்கார்ந்து நினைவுகூர்கிறவர்கள், அதே ஆட்களைத் தனித்தனியாகக் கேட்டுத் தொகுத்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறார்கள். 1997-இல் வெல்டன், பெல்லிஞ்சர் என்ற இரு உளவியலாளர்கள் சோதனை மூலம் காட்டியது இது. பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. ஒவ்வொருவர் மனமும் தன் போக்கில் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். நடுவில் இன்னொருவர் பேசினால் அந்த வழி அறுந்துபோகும். குடும்பத்தில் இதோடு மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. பெரியப்பா 'அப்பா நேர்மைக்கே இலக்கணம்' என்று தொடங்கிவிட்டால், அத்தை சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

கதைகளும் சொல்லச் சொல்ல வழுவழுப்பாகிவிடும். ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்து, கேட்பவர்கள் எதிர்பார்க்கும் வடிவத்துக்கு அது மெல்ல மாறுவதை பிரடெரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1932-லேயே எழுதினார். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த தாத்தா கதைகளில் முதலில் உதிர்ந்தது எது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது அவருக்குப் பெருமை தராத ஏதோ ஒன்றாக இருக்கும். அவரை மனிதராகக் காட்டுவதும் அதுவாகவே இருக்கும்.

ஆகவே தனித்தனியாகப் போங்கள். ஒரு தடவைக்கு ஒருவர். ரொம்ப நேரம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்ற அமைப்பு, ஒருவரை ஒருவர் அறிந்த இரண்டு பேரை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்துப் பேசவைத்துப் பதிவுசெய்கிறது. ஒரு பேச்சுக்கு அவர்கள் கொடுக்கும் நேரம் 40 நிமிடம். மனம் திறக்க அது போதும். 'தாத்தா எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி குணத்தைத்தான் கொண்டுவரும், ஆளைக் கொண்டுவராது. கடைசியாக எதற்குத் திட்டினார், கோபம் வந்தால் கை என்ன செய்யும், யாரிடம் கடன் கேட்கக் கூசினார், எந்தச் சட்டையைத் தூக்கிப்போட விடவில்லை என்று கேளுங்கள். பழைய புகைப்படங்களை எடுத்துப்போய் முன்னால் வையுங்கள். படத்தில் தாத்தாவை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறவர் யார் என்று விசாரியுங்கள். கிடைத்த பெயரைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

யாரைக் கேட்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வயதானவர்களைத் தம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவையே மிகுதியாக வரும். நினைவு ஆய்வாளர்கள் பலமுறை கண்டது இது. தாத்தா உங்களுக்குச் சொன்ன கதைகளும் பள்ளிக்கூடம், முதல் வேலை, கல்யாணம் என்று அந்தக் காலத்தைச் சேர்ந்தவையாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் நேரில் பார்த்ததோ முதுமை. நடுவில் முப்பதிலிருந்து அறுபதுவரை ஒரு பெரிய இடைவெளி கிடக்கிறது. அவர் குடும்பத்தின் தூணாக ஆனது அந்த இடைவெளியில்தான். சம்பளம் போதாமல் விழித்தது, பிள்ளைகளுக்காக எதையோ கைவிட்டது, தப்பான முடிவெடுத்து அதைச் சுமந்தது எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகள் அப்போது சின்னவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அண்ணாந்து பார்த்த அப்பா.

அந்த நடுவயது மனிதரை நேருக்கு நேராகப் பார்த்தவர்கள் வேறு சிலர். கூட வேலை பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், எல்லாருக்கும் மேலாக அந்த வீட்டு மருமகள்கள். உங்கள் அம்மாவும் அதில் ஒருவர். வளர்ந்த பிறகு அந்த வீட்டுக்குள் வந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு இயல்பாகப் பட்டதெல்லாம் அவர்களுக்குப் புதிதாகப் பட்டிருக்கும். முதல் மாதத்தில் எதற்குப் பயந்தார்கள், எந்த நாளில் அந்தப் பயம் போனது, மாமனார் யாருக்கும் தெரியாமல் எப்போது பரிந்து பேசினார், எப்போது பேசாமல் இருந்துவிட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு நாள், கிழமையோடு நினைவிருக்கும். ஆனால் குடும்ப வரலாறு எழுதும்போது மருமகளை யாரும் கேட்பதே இல்லை. உங்கள் புத்தகத்தில் அவர்களுக்குச் சரிபாதி இடம் கொடுங்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு முரண்பட்டால் இரண்டையும் அப்படியே போடுங்கள், சமரசம் செய்ய வேண்டாம். மூத்த மகனுக்குக் கிடைத்த அப்பாவும் கடைசி மகளுக்குக் கிடைத்த அப்பாவும் ஒரே ஆளாக இருக்க முடியாது.

இனி சித்தப்பா விஷயம். பெரியப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது, அவர் அப்பாவைக் காக்க நினைக்கிறார். ஆனால் அந்த மௌனம் தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் இருந்தது. உயிரோடு இருக்கிறவர் சித்தப்பா. முடிவு அவருடையது. அவரிடம் போய், எழுதலாமா என்று நேராகவே கேளுங்கள். சரி என்றால் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைச் சேர்க்காதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: ஒன்றைச் சொல்லாமல் விடுவதால் புத்தகம் பொய்யாகாது. 'எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி அன்பு காட்டினார்' என்று ஒரு வரி எழுதினால் அந்த இடத்தில் பொய்யாகும். சித்தப்பா அந்த வரியைப் படிக்கும் நிமிடத்தை நினைத்துக்கொண்டு எழுதுங்கள், எதை எழுதக் கூடாது என்று தானாகத் தெரிந்துவிடும்.

பெரியவர்களை எழுதுவதில் நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை எழுதினார். ஆசிரியர் மறைந்தது 1876-இல். நூல் அச்சில் வந்தது 1930களில். குருவைத் தெய்வமாக நினைத்த மாணவர்தான் அவர். ஆனாலும் பிள்ளையவர்களின் பணமுடையை அவர் மறைக்கவில்லை. படிக்கிற நமக்குப் பிள்ளையவர்கள் மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. பெரியப்பாவிடம் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். தாத்தாவின் குரல் யார் யார் செல்போனில் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய பத்து வினாடிச் செய்தியானாலும் சரி, கல்யாண வீடியோவில் பின்னணியில் யாரையோ கூப்பிடும் சத்தமானாலும் சரி. போன் மாற்றும்போது அழிந்துபோவது அதுதான். பழைய ஆடியோ கேசட் ஏதாவது இருந்தால் அதை முதலில் கணினிக்கு மாற்றுங்கள், காந்த நாடா வருஷங்கள் போகப் போகக் கெட்டுவிடும். எல்லாவற்றையும் குறைந்தது இரண்டு வேறு இடங்களில் சேமித்துவையுங்கள்.

முதலாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பாட்டியும் மருமகள்களும் சொல்வதை மட்டும் வைத்து அன்றைக்கு முப்பது பக்கம் கொடுத்தால் போதும், மீதியை அடுத்த ஆண்டு சேர்க்கலாம். கைப்பிரதி தயாரானதும் அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.