பால்வாடி ஆயா சம்பளமும் ராஜ்யசபா மைக்கும் – கடிதம்

அண்ணே வணக்கம்,

தேவகோட்டை பக்கத்துலேர்ந்து எழுதுறேன், பேரு போட வேணாம். எங்கம்மா பால்வாடில ஆயா. நான் ஸ்கூலுக்குப் போறப்ப வேலைக்கு சேந்தாங்க, இப்ப எம்புள்ளையே அந்த பால்வாடிக்குத்தான் போகுது. 2025 டிசம்பர்ல சோனியா காந்தி ராஜ்யசபாவுல அங்கன்வாடி பொம்பளைங்களுக்கும் ஊர்ல சுகாதார வேலை பாக்குற ஆஷா பொம்பளைங்களுக்கும் வேலை ஜாஸ்தி சம்பளம் கம்மின்னு பேசுனாங்கல்ல, அந்த வீடியோவ நீங்க ஷேர் பண்ணி ‘நல்ல பேச்சு’ன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அது புடிக்கலண்ணே. ஆயாவுக்கு 2,250 ரூவாதான்னு சொல்றாங்க, எங்கம்மாவுக்கு அதவிட ஜாஸ்தியாவே வருது, அப்ப கணக்கே தப்பு. பத்து வருசம் அவங்க கட்சிதானே ஆண்டுச்சு, அப்ப கண்ணுல படாத ஆயா எதிர்ல போய் உக்காந்ததும் படுறாங்களா? சரி பேசுனாங்களே, என்ன ஆச்சு, ஒன்னும் இல்ல. அம்மா என்னடான்னா ‘நம்மளப் பத்தி டெல்லில பேசுறாகடி’ன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் அந்த வீடியோவ காட்டிட்டு இருக்காங்க. இது நாடகம்மான்னு சொன்னா மூஞ்ச தூக்கி வச்சுக்கிறாங்க. நான் சொன்னதுல என்னண்ணே தப்பு?

(பேர் தவிர்க்கப்பட்டுள்ளது)

தங்கச்சிக்கு,

மொதல்ல பணக் கணக்க முடிச்சிருவோம். அவங்க சொன்ன 2,250 தப்பு இல்ல, உங்கம்மா கைக்கு வர்றதும் தப்பு இல்ல. 2,250ங்கிறது ஆயாவுக்குன்னு மத்திய அரசு வச்சிருக்கிற ரேட்டு, பால்வாடி டீச்சருக்கு 4,500, சின்ன சென்டர் டீச்சர்னா 3,500. 2018 அக்டோபர்ல வச்சது, அவங்க பேசுன அன்னிக்கு வரைக்கும் அதே ரேட்டுதான். அதுக்கு மேல வர்றது மாநில அரசு போடுறது. நம்ம ஊர்ல அங்கன்வாடிக்காரங்களுக்கு சிறப்பு காலமுறை ஊதியம்னு மாநில அரசு தனியா வச்சிருக்கிற சம்பள அளவு ஒன்னு இருக்குல்ல, அம்மாகிட்ட கேளு சொல்லுவாங்க, அதுனால கொஞ்சம் மூச்சு விட முடியுது. எல்லா மாநிலத்துலயும் இப்படி இல்ல. அந்த 2,250-யும் டெல்லி முழுசா குடுக்குறதில்ல, டெல்லி 60, மாநிலம் 40ன்னு பங்கு, அதாவது டெல்லிலேர்ந்து ஒரு ஆயாவுக்கு வர்றது 1,350 ரூவா. மாசத்துக்கு முப்பது நாள்னு வச்சு வகுத்துப் பாரு, ஒரு நாளைக்கு 45 ரூவா வருது. 2025-26-ல நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல அதே டெல்லி அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336. கண்மாய்ல மண்ணு வெட்டுறதுக்கு 336 குறைச்சல்னுதான் நானும் சொல்லுவேன், ஆனா அந்த மண்ணு வெட்டுற அம்மாவோட புள்ளைய காலைலேர்ந்து வச்சுப் பாத்து சோறு ஊட்டி தூங்க வைக்கிறவளுக்கு 45ன்னா அதுக்கு என்ன பேரு வைக்கிறது? சோனியா காந்தி கேட்டதும் மத்திய அரசோட அந்த பங்க ரெட்டிப்பாக்குங்கன்னுதான். நம்ம ஊர்ல மாநிலத்து காசும் சேந்து வர்றதால அவங்க சொன்ன நம்பர் நம்ம காதுல பொய் மாதிரி விழுகுது, அவ்வளவுதான்.

இப்ப அந்த ‘பத்து வருசம் ஆண்டாங்களே’. கேக்க வேண்டிய கேள்வி, நல்லா கேளு, ஆனா முழுசா கேளு. 2011 ஏப்ரல்ல அவங்க ஆட்சியில டீச்சருக்கு 1,500-லேர்ந்து 3,000, ஆயாவுக்கு 750-லேர்ந்து 1,500ன்னு ஏத்துனாங்க, அது நடந்தது. ஆனா 2013 மே மாசம் டெல்லில 45-வது இந்திய தொழிலாளர் மாநாடு நடந்துச்சு, அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூணு தரப்பும் உக்காந்து அங்கன்வாடி, ஆஷா, மதிய உணவு இதுல வேலை பாக்குறவங்கள தொழிலாளின்னு ஒத்துக்கங்க, குறைஞ்சபட்ச கூலி குடுங்க, பென்சன் குடுங்க, வேலைய விட்டுப் போறப்ப மொத்தமா தர்ற கிராஜுவிட்டி குடுங்கன்னு பரிந்துரை பண்ணிச்சு. அதை அவங்க செய்யல. அப்ப நிதியமைச்சர் யாருன்னு நான் உனக்கு சொல்லணுமா, நம்ம கண்டனூர்க்காரர் ப. சிதம்பரம், சிவகங்கையில ஏழு தடவ ஜெயிச்சவரு, கஜானா சாவியே நம்ம சீமையிலதான் இருந்துச்சு, பால்வாடி ஆயா மட்டும் தொழிலாளி ஆகல. அதுக்கப்பறம் வந்த பா.ஜ.க.காரங்க? 2015-ல 46-வது மாநாடு அதே பரிந்துரைய மறுபடி சொல்லிச்சு. அதுக்கு பத்து வருசம் கழிச்சும் அடுத்த மாநாட்டையே கூட்டல. கூட்டுனாத்தானே பரிந்துரை பண்ணுவாங்க, எப்பூடி! 2018-ல ஒரு தடவ ஏத்துனாங்க, அதோட சரி. ஆக ரெண்டு பேருமே கேக்குறவங்க கேட்டா கொஞ்சம் ஏத்திட்டு, தொழிலாளின்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன்னு நிக்கிறாங்க. ஒத்துக்கிட்டா குறைஞ்சபட்ச கூலி சட்டம் உள்ள வரும், பி.எஃப். வரும், நாடு முழுக்க லட்சக்கணக்கான பேரு, பில்லு எகிறிடும். அதான் விசயம்.

இதுனாலதான் எதிர்க்கட்சிக்காரர் பேசுறப்ப உள்ளுக்குள்ள அக்கறை இருக்கா இல்லையான்னு நான் தேடுறதே இல்ல. அதை தேடி நமக்கு ஆகப் போறது என்ன? எந்த நேரத்துல எந்த விதியில கேட்டாரு, அரசாங்கம் பதில் சொல்லியே ஆகணுமா இல்லாட்டி தப்பிச்சுக்கலாமா, அதைத்தான் பாக்கணும். நீ நாடகம்னு சொன்னதுல எனக்கு இங்கதான் தகராறு. நீ பாத்த வீடியோ ஜீரோ ஹவர்ல பேசுனது, அதாவது எம்.பி.ங்க அவசர விசயத்த எழுப்புற நேரம். ராஜ்யசபாவுல அதுக்கு ஆளுக்கு மூணு நிமிஷம், நேரம் முடிஞ்சா மைக் தன்னால கட் ஆயிரும், பேசுனது சோனியா காந்தியா இருந்தாலும் சரி புது எம்.பி.யா இருந்தாலும் சரி. மந்திரி எந்திரிச்சு பதில் சொல்லணும்னு அங்க கட்டாயம் இல்ல. அப்ப ‘பேசி என்ன ஆச்சு’ன்னு நீ கேட்டா, அந்த இடத்துல அதுக்கு மேல எதுவும் ஆகாது, அதோட வேலையே கவனத்த இழுக்குறதுதான். அங்கன்வாடி திட்டத்துல கிட்டத்தட்ட 3 லட்சம் வேலை காலியா கிடக்குன்னும் சொன்னாங்க, அது அவைக் குறிப்புல ஏறிடுச்சு, அந்த மட்டும் லாபம்.

கேள்வி வேற. பதினஞ்சு நாளுக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும், குலுக்கல்ல வரணும். ராஜ்யசபாவுல ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 15, லோக்சபாவுல 20, இதுக்கு மந்திரி வாயால பதில் சொல்லி துணைக் கேள்விக்கும் நின்னு பேசணும். நட்சத்திரம் இல்லாத கேள்வின்னா எழுத்துல பதில், அது ராஜ்யசபாவுல 160, லோக்சபாவுல 230. எழுத்துல வர்ற அந்த பதில்தான் எனக்கு ரொம்ப புடிச்ச வாசிப்பு, சிரிக்காத. அங்கன்வாடி சம்பளத்த ஏத்துவீங்களான்னு இத்தன வருசமா யாராவது கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, பதிலும் ஒரே அச்சுல வந்துக்கிட்டே இருக்கு. இவங்க சேவை மனசோட வர்ற கௌரவ ஊழியர்கள், 2018-ல ஏத்துனோம், நல்லா வேலை பாத்தா டீச்சருக்கு 500 ஆயாவுக்கு 250 ஊக்கத்தொகை உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, மாநிலங்களும் தங்க காசுலேர்ந்து குடுக்குறாங்க. கடைசியா, ஏத்துற மாதிரி யோசனை எதுவும் இப்ப இல்ல. இந்த கடைசி வரிய எதுக்கு அப்படி போடுறாங்க தெரியுமா, பரிசீலனையில இருக்குன்னு மந்திரி சொல்லிட்டா அது உறுதிமொழி கணக்குல ஏறிடும், அதுக்குன்னே உறுதிமொழிக் குழுன்னு ரெண்டு சபையிலயும் இருக்கு, மூணு மாசத்துல நிறைவேத்து இல்ல ஏன் முடியலன்னு சொல்லுன்னு துரத்தும். அதுனால ஆபீசர்கள் பாத்துப் பாத்து எழுதிக் குடுப்பாங்க. அந்த வரிக்கு அவங்க பயப்படுறாங்கன்னா கேள்விக்கு பல்லு இருக்குன்னுதானே அர்த்தம்.

பேரேட்டுல பற்று எழுதாம ஒரு காசு வெளிய விடாத செட்டிநாட்டு ஊரு நம்மளுது. வட்டிக்கு விட பர்மாவுக்கு போன காசுக்கும் இங்க பேரேட்டுல ஒரு வரி எழுதியிருக்கும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராதும்பாங்க. மத்திய அரசு தன் கையால ‘யோசனை இல்ல’ன்னு எழுதிக் குடுத்த தாளு ஒவ்வொன்னும் உங்கம்மாவுக்கு வர வேண்டிய பாக்கிக்கு அத்தாட்சி. அதை எழுத வைக்கிறது எதிர்க்கட்சி எம்.பி.தான், ஆளுங்கட்சி எம்.பி. கேட்டா ‘இந்த திட்டத்தோட பயன்கள் என்ன’ன்னுதான் பெரும்பாலும் கேப்பாரு.

எதிர் பெஞ்சு ஒன்னும் நம்ம பக்கத்துக்கு புதுசில்ல. காரைக்குடிக்காரங்க 1962-ல சுதந்திரா கட்சிலேர்ந்து கம்பன் கழகம் சா. கணேசன சட்டசபைக்கு அனுப்பி வச்சாங்க, சிராவயல்ல காந்தி ஆசிரமம் நடத்துன ஜீவா 1952-ல வண்ணாரப்பேட்டைலேர்ந்து கம்யூனிஸ்டா சட்டசபைக்குப் போனாரு. ரெண்டு பேரும் ரெண்டு துருவம், ஆனா ரெண்டு பேரும் எதிர்லதான் உக்காந்தாங்க.

சம்பளத்த விடு, வேலை என்னவா மாறிருக்குன்னு யாரும் சரியா கேக்கல, எனக்கு அதுதான் பெரிய குறை. கொஞ்ச நாளைக்கு முன்னாடி புதுவயல் பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்கு போனவன் வழியில ஒரு பால்வாடி வாசல்ல நின்னேன். சத்துமாவு வாங்க வந்த பொண்ணு கைப்புள்ளையோட நிக்கிது, டீச்சர் போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு மூஞ்சிய நேரா காட்டும்மா, வெயிலுக்கு வாம்மா, தள்ளி நில்லும்மாங்கிறாங்க, போனு சுத்துது சுத்துது அப்பறம் மறுபடி மொதல்லேர்ந்து. போஷன் ட்ராக்கர்னு ஒரு ஆப்பு, 2025 ஜூலைலேர்ந்து முகம் ஒத்துப்போனாத்தான் வீட்டுக்கு குடுக்குற சத்துமாவ குடுக்கணும்னு ஆக்கிட்டாங்க. உள்ள ஆயா ஒரு கைல முட்டை உரிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஒருத்தன் தட்டத்த இன்னொருத்தன் புடுங்காம புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்து சிரிச்சுட்டு சொன்னாங்க, ‘இந்தப் புள்ள பொறந்தப்பவே நாந்தேன் தூக்குனேன், அதோட ஆத்தாள எனக்கு தெரியாதா, போனுக்கு தெரியலங்குது’. 2018-ல அந்த ரேட்டு வச்சப்ப இந்த முகம் காட்டுற வேலையெல்லாம் கிடையாது. வேலை ஏறிடுச்சு, ரேட்டு நின்ன எடத்துலயே நிக்கிது. இதை ஒரு எம்.பி. பிரிச்சுக் கேட்டா பழைய அச்சு பதில் செல்லாது, புதுசா எழுதணும்.

முதியோர் பென்சனும் இதே கதைதான், சுருக்கமா சொல்லிர்றேன். 60 வயசுலேர்ந்து 79 வரைக்கும் மத்திய அரசு பங்கு மாசம் 200 ரூவா, பதினஞ்சு வருசத்துக்கு மேலா அதே 200. தமிழ்நாட்டுல 2023-ல 1,200 ஆச்சுன்னா மிச்ச 1,000 மாநிலம் போடுறது. அங்கயும் ரெண்டு கட்சியும் ஆண்டிருக்கு.

பேச்ச மட்டும் நம்பி உக்காந்திருக்காத, அதுல உன் கட்சிதான் நானும். 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் கிராஜுவிட்டி சட்டப்படி உண்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, அது குஜராத்துல வேலை பாத்த பொம்பளைங்க தாங்களே விடாம நடத்துன கேசு, எந்த எம்.பி.யும் வாங்கிக் குடுக்கல. ஆனா அந்த தீர்ப்புக்கு அப்பறம் எத்தன பேருக்கு காசு போச்சுன்னு மத்திய அரசு கணக்கு சொல்லணும்னா அதை சபையில ஒரு எம்.பி.தான் கேக்கணும், உங்கம்மா கேட்டா எந்த ஆபீசும் பதில் சொல்லாது.

அதுனால அம்மாகிட்ட நாடகம்னெல்லாம் சொல்லாத, வீடியோவ காட்டட்டும். நீ ஒன்னு செய். சிவகங்கை எம்.பி.யும் இப்ப எதிர் வரிசையிலதான் இருக்காரு. ஒரே தாளு, தமிழ்லயே எழுது, மொழிபெயர்க்கிறது அவங்க ஆபீஸ் பாடு. சம்பளம் ஏத்துங்கன்னு மனுவா எழுதாத, அது ஃபைல்ல போய் படுத்துக்கும், கேள்வியா எழுது. 2018 அக்டோபருக்கு அப்பறம் அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் புதுசா சேத்த வேலைங்க என்னென்ன, ஒவ்வொன்னும் எந்த தேதிலேர்ந்து? அதுக்கு தனியா காசு ஒதுக்கிருக்கா? 2022 தீர்ப்புப்படி கிராஜுவிட்டி வாங்குனவங்க மாநிலவாரியா எத்தன பேரு? ஆயாவுக்கு 2,250ன்னு எந்த கணக்க வச்சு முடிவு பண்ணாங்க, அந்த கணக்க சபையில வைப்பாங்களா? இவ்வளவு போதும். அம்மாவோட வேலை பாக்குற நாலு பேரு கையெழுத்து வாங்கிக்க, பயந்தாங்கன்னா உன் கையெழுத்து மட்டும் போதும், நீயும் ஓட்டு போடுறவதானே. குடுக்குறப்ப இன்னொரு காப்பில சீல் போட்டு வாங்கிக்க. அடுத்த கூட்டத்தொடர்ல கேள்வி வந்தா பதில் பார்லிமென்ட் வெப்சைட்லயே ஏறும், இங்கிலீஷ்லயும் இந்திலயும்தான் இருக்கும், எனக்கு அனுப்பு, உக்காந்து வரி வரியா தமிழ்ல போட்டுத் தர்றேன். கேள்விய கடைசி வரைக்கும் எழுப்பவே இல்லன்னா அப்ப நாடகம்னு நீ எழுது, சீல் போட்ட காப்பியோட சேத்து இங்கயே போடுறேன்.