பதக்கத்தைத் தராசில் போட முன்

கேள்வி: 2009 இடப்பெயர்வில் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன பால்மா ரின் ஒன்றை இப்போதுதான் எடுத்தோம். உள்ளே அப்புவின் மூன்று பதக்கங்கள்: ஆறு முனை நட்சத்திரம் இரண்டு (ஒன்றில் ஆபிரிக்கா என்று இருக்கிறது), ராசா தலை போட்ட வட்டப் பதக்கம் ஒன்று. நட்சத்திரங்களில் பச்சை பிடித்திருக்கிறது. வட்டமானது வெள்ளியாம், உரைத்துப் பார்ப்போம் என்கிறார் பத்தர். பழைய இரும்பு வாங்க வந்தவர் மூன்றையும் நிறுத்து எடுக்கக் கேட்கிறார். என்ன பெறும்? எப்படி மினுக்குவது? வேலிக்கரையில் இன்னொரு ரின் கிடக்கிறது. (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: முதலில் அந்த வேலிக்கரை. நீங்களே மண்வெட்டி போடாதீர்கள். ஒரு ரின் பத்திரமாக வந்தது என்பதற்காகப் பக்கத்து நிலமும் பத்திரம் என்று ஆகாது. கிராம அலுவலர் ஊடாகக் கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கு அறிவித்து, அவர்கள் பார்த்த பிறகு எடுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தது, இன்னும் சில மாதம் கிடக்கட்டும்.

உரைகல்லையும் விட்டுவிடுங்கள். கல்லில் ஒரு கோடு, மேலே ஒரு சொட்டு அசிட், அந்தத் தழும்பு பிறகு மாறாது. வெள்ளியா என்று அறிய, பதக்கத்தில் கீறல் விழாத வழி இருக்கிறது. றிபனைக் கழற்றிப் பதக்கத்தை நிறுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுதாக அமிழ விடுங்கள். முதல் நிறையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 10ஐத் தாண்டினால் வெள்ளி, 9ஐ ஒட்டினால் செப்பும் நிக்கலும். பின்பக்கத்தில் இரட்டைத் தலை டிராகனின் மேல் சிங்கம் நின்றால் அது 1939–45 போர்ப் பதக்கம். பெரும்பாலும் 9தான் வரும். வெள்ளியில் வந்தது முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் போர்ப் பதக்கம். அதன் பின்பக்கத்தில் குதிரை வீரன் இருப்பான்.

அந்த வெள்ளிப் பதக்கத்தின் கதை உங்கள் கேள்விக்கும் பொருந்தும். சுமார் 65 இலட்சம் பேருக்கு வழங்கப்பட்டது, விளிம்பைச் சுற்றி ஒவ்வொருவரின் இலக்கமும் பெயரும் பொறித்து. 1980 தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டொலரை நெருங்கியபோது, பதக்கமாக விற்பதைவிட உருக்கினால் கூடக் காசு என்று கணக்கற்றவை உலைக்குப் போயின. இன்று அதே பதக்கத்துக்கு விலை சொல்ல வைப்பது விளிம்பில் இருக்கும் பெயர்தான். பெயரை அராவி அழித்திருந்தால் விட்டம் 36 மில்லிமீற்றரிலும் குறையும். விசயம் தெரிந்தவர் வேர்ணியர் வைத்துப் பார்த்துவிட்டு விலையைப் பாதியாக்குவார்.

உங்களுடைய மூன்றிலும் பெயர் இருக்காது. இரண்டாம் உலகப் போரில் இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா பெயர் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியா வெறுமையாகக் கொடுத்தது. இலண்டனில் பெயரில்லாத போர்ப் பதக்கம் தனியே 10, 20 ஸ்ரேர்லிங் பவுணுக்குத்தான் போகும். ஆகவே ரின்னுக்குள் இருந்த கடதாசிகளைத் தேடுங்கள்: பதக்கம் தபாலில் வந்த சிறிய மட்டைப் பெட்டி, பதக்கங்களின் பெயர் அச்சிட்ட துண்டு, சம்பளப் புத்தகம், விடுவிப்புப் பத்திரம். பெட்டியின் மேல் அப்புவின் பெயரும் விலாசமும் இருந்தால், பதக்கம் இன்னாருடையது என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான். மூன்றும் கடதாசியும் ஒன்றாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. பிரித்து விற்றால் மூன்று உலோகத் துண்டு.

அவை சொல்லும் சேதியும் அங்கேதான் இருக்கிறது. போர்ப் பதக்கத்துக்கு முழுநேரச் சேவை 28 நாள் போதும். 1939–45 நட்சத்திரத்துக்குப் பொதுவாக ஆறு மாதம் போர்க்களச் சேவை வேண்டும். ஆபிரிக்க நட்சத்திரம், 1940 யூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட ஆபிரிக்கப் போர்ப் பகுதியில் ஒருநாளாவது நின்றவருக்கு. அதன் றிபனில் மணல் நிறம் பாலைவனம். நடுச் சிவப்பு தரைப்படை, கடும் நீலம் கடற்படை, வெளிர் நீலம் வான்படை. வன்னியிலிருந்து போன ஒரு பெடியன் அந்த மணலில் நின்றிருக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

இனிப் பச்சை. குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளி, தேசிக்காய், சாம்பல், பிராசோ எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மினுக்கலும் ராசாவின் காதையும் முடியையும் கொஞ்சம் கரைக்கும். வழுவழுப்பான கபிலமோ கரும் பச்சையோ உலோகத்துக்குப் போர்வை, அப்படியே விடுங்கள். ஆபத்து, நகத்தில் ஒட்டும் வெளிர் பச்சைத் தூள். மண்ணிலிருந்த உப்பு உள்ளே இறங்கி, ஈரம் படும்தோறும் தின்றுகொண்டே இருக்கும். மூங்கில் சிராயால் தூளை மட்டும் எடுத்து, வடித்த நீரில் மென்மையான பிரசால் கழுவுங்கள். கராச்சில் பற்றரிக்கு விற்பது போதும், அசிட் போத்தலோடு மாறிவிடக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு. பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து உடனே உலர்த்துங்கள். இரண்டு கிழமையில் தூள் திரும்பினால் நூதனசாலைப் பாதுகாப்பாளரிடம்தான் காட்ட வேண்டும். றிபனைக் கழுவாதீர்கள், சாயம் இறங்கும். கிழிந்திருந்தாலும் வீசாமல் தனியே வையுங்கள்.

வைப்பதற்கு, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். பி.வி.சி. உறை, றப்பர் பான்ட், பத்திரிகைத் தாள் மூன்றும் உலோகத்தைக் கெடுக்கும்.

விற்பது உங்கள் உரிமை. ஆனால் அப்புவின் படைப்பிரிவு தெரியும்வரை விற்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சம்பளப் புத்தகத்தில் படை இலக்கம் இருக்கும். பிரித்தானியப் பிரிவொன்றில் சேர்ந்திருந்தால், அந்த இலக்கத்தோடும் பிறந்த திகதியோடும் இலண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் சேவைக் கோவைகள் 2022 முதல் அங்கே மாற்றப்பட்டு வருகின்றன. இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: இரு பக்கமும் படம் எடுத்து, அப்புவின் முழுப்பெயர், ஊர், எந்த ஆண்டு போனார், எந்த ஆண்டு வந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். எங்கள் ஊரில் படைப் பொருள் எதைக் கண்டாலும் எந்தச் சண்டை என்று கேட்பார்கள்; அந்தத் தாளில் ‘இரண்டாம் உலகப் போர், 1939–45’ என்று முதல் வரியிலேயே இருக்கட்டும்.