உள்ளூர் காற்றுத் தர வாரியத்தால் காலநிலை மாற்றத்துக்கு என்ன செய்துவிட முடியும்?

கரியமில வாயு உலகம் முழுக்கப் பரவுகிறது, அதை ஓர் ஊர் அலுவலகம் எப்படித் தடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான் கலிபோர்னியாவில் மில்பிடாஸ் பக்கம் குடியிருக்கிறேன், அதனால் எங்கள் பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள பகுதி) காற்றுத் தர வாரியத்தை வைத்தே பதில் சொல்கிறேன். செய்ய முடிகிறது, ஆனால் பெரும்பாலும் கொல்லைப்புற வழியாக.

இந்த வாரியம் 1955இல் வந்தது. அமெரிக்காவில் வட்டார அளவில் காற்று மாசுக்கென்று அமைந்த முதல் அமைப்பு இதுதான். ஒன்பது கவுண்டிகள், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, இதன் எல்லைக்குள் வருகின்றன. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோல் பங்க் என்று புகையோ ஆவியோ விடும் இடங்களுக்கு அனுமதி கொடுப்பது, சோதனை போடுவது, மீறினால் அபராதம் விதிப்பது இதன் அன்றாட வேலை. வண்டிப் புகைக்கான தரத்தை மாநில, மத்திய அரசுகள் பார்த்துக்கொள்ளும்.

2005இல் காலநிலைக்கென்று தனித் திட்டம் தொடங்கினார்கள். 2008இல் ஆலைகளிடம் கரியமில வாயு போன்ற பசுங்குடில் வாயுக்களுக்குக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு தெரியுமா? ஒரு டன்னுக்கு 4.4 சென்ட். இதற்குப் பயந்து எந்த ஆலையும் புகையைக் குறைத்திருக்காது. திட்டத்தை நடத்தும் செலவுக்கான பணம், அவ்வளவுதான். ஆனாலும் நாட்டிலேயே முதல்முறை என்பதால் அன்று பெரிய செய்தி.

ரிச்மண்ட், மார்ட்டினெஸ் பக்கத்து எண்ணெய் ஆலைகளின் கரியமில வாயுவுக்கே உச்சவரம்பு வைக்கலாம் என்று வாரியம் முயன்றது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் கதவைச் சாத்திவிட்டது. மாநிலத்தின் உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் (மொத்தப் புகைக்கு வரம்பு வைத்து, புகைவிடும் உரிமத்தை ஆலைகள் வாங்கி விற்கும் ஏற்பாடு) இருக்கும் ஆலைகளின் கரியமில வாயு மீது உள்ளூர் வாரியங்கள் விதி போடக்கூடாது என்று அப்போது வந்த ஏபி 398 என்ற சட்டம் சொல்கிறது. ஆக, நேர் வழி அடைபட்டது.

எனக்கு சுவாரசியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். 2023 மார்ச்சில் வாரியம் ஒரு விதி போட்டது. வீட்டுக்கு வாங்கும் புது வாட்டர் ஹீட்டர் 2027 முதலும், குளிருக்குப் போடும் ஃபர்னஸ் 2029 முதலும் கேஸ் எரியும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வாயுவையே விடக்கூடாது. விதியில் கரியமில வாயு என்ற பேச்சே கிடையாது. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் கேஸ் ஹீட்டர் எதுவும் இந்த அளவுகோலில் தேறாது, எதையும் எரிக்காமல் சுற்றியுள்ள காற்றின் சூட்டை இழுத்துக் கொடுக்கும் மின்சார ஹீட் பம்ப்தான் தேறும். நைட்ரஜன் ஆக்சைடு போகும்போது கரியமில வாயுவும் கூடவே போய்விடுகிறது.

இதே சமயத்தில் பெர்க்லி நகரத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். புதுக் கட்டடங்களுக்கு கேஸ் குழாயே கூடாது என்று 2019இல் தடை போட்ட நகரம் அது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை அடித்துவிட்டது. காற்று மாசைக் கட்டுப்படுத்தும் பழைய அதிகாரத்தில் கால் ஊன்றி நிற்கிறது வாரியம். அந்தப் பிடி நகராட்சிக்கு இல்லை.

விதி வந்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் "கேஸ் அடுப்பைப் பிடுங்கப் போகிறார்களாம்" என்று ஒரே அமளி. அடுப்பு இந்த விதியில் இல்லவே இல்லை, தோசைக்கல்லுக்கு ஆபத்தில்லை. இருக்கிற ஹீட்டரையும் யாரும் கழற்றச் சொல்லவில்லை, பழுதாகி மாற்றும்போதுதான் விதி. உண்மையான தலைவலி வேறு. எங்கள் கராஜில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருப்பது சாதாரண 120 வோல்ட் பிளக். பெரும்பாலான ஹீட் பம்ப்கள் 240 வோல்ட் கேட்கும். பழைய வீடென்றால் மின்பலகையையே மாற்ற வேண்டி வரலாம். செலவு பற்றிப் புலம்புகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து வாரியம் இதுபோன்ற விதியை 2025 ஜூனில் வாக்கெடுப்பிலேயே தோற்கடித்தது, அதுவும் 7க்கு 5 என்று.

அப்புறம் குப்பைக் கிடங்கு. மில்பிடாஸில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சில சாயங்காலங்களில் ஜன்னலைத் திறக்க முடியாது. வாரியத்துக்குப் போன் போட்டால் ஆய்வாளர் வந்து, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்கிறார். கிடங்கா, உரக்கூடமா, கழிவுநீர் நிலையமா என்று பிரித்துச் சொல்வது லேசான காரியம் இல்லை. கிடங்கு வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். அதற்கு வாசனை கிடையாது, கூட வரும் கந்தகச் சேர்மங்கள்தான் நாறுகின்றன. ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும் சரக்கு அந்த மீத்தேன். அதனால் கிடங்கின் மேல் கருவியோடு நடந்து கசிவைத் தேடுகிறார்கள், குழாய் வைத்து வாயுவை உறிஞ்சி எரிக்கவோ மின்சாரம் எடுக்கவோ வைக்கிறார்கள். இதற்கான விதி 1980களிலேயே வந்துவிட்டது, காலநிலை மாற்றம் என்று யாரும் பெரிதாகப் பேசாத காலத்தில்.