பத்து இறுதிப்போட்டிகளில் தோற்ற கிளப்: கிளெர்மோன் ரக்பி பற்றிய கேள்வி பதில்

பிரான்சின் நடுவே, எரிமலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்தின் ரக்பி கிளப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டயர் கம்பெனி மிஷெலினுக்கும் இந்தக் கிளப்புக்கும் என்ன தொடர்பு?

பெற்ற தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு. 1911இல் மார்செல் மிஷெலின் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய விளையாட்டுச் சங்கம் இது. கம்பெனியை நிறுவிய அண்ணன் தம்பி இருவரில் ஆந்த்ரேயின் மகன் அவர். முதலில் கம்பெனியின் பெயரே சங்கத்தின் பெயராக இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு விளையாட்டுச் சங்கம் வணிகப் பெயரை வைத்துக்கொள்ள முடியாமல் போனது. அப்போது ஒரு நல்ல வேலை செய்தார்கள். ஏ.எஸ்.எம். (மிஷெலின் விளையாட்டுச் சங்கம் என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 'எம்' என்றால் இனி மிஷெலின் இல்லை, மோன்ஃபெரான் என்று மாற்றிவிட்டார்கள். கிளெர்மோனும் மோன்ஃபெரானும் ஒருகாலத்தில் தனித்தனி ஊர்கள். தொழிற்சாலையும் மைதானமும் மோன்ஃபெரான் பக்கம்தான். 'கிளெர்மோன் ஒவேர்ன்' என்ற இன்றைய பெயர் 2004இல் வந்தது. மஞ்சளும் நீலமும் மட்டும் மாறவே இல்லை. அவை கம்பெனியின் நிறங்கள்.

மைதானத்துக்கு மார்செலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளை எதிர்த்தவர்களோடு நின்றதால் அவரைக் கைது செய்து புஹென்வால்டு வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1945 ஜனவரியில் நாஜிகளின் பிடியிலேயே இறந்தார். அந்தப் பெயரைப் பணக்கார முதலாளிக்குக் காட்டிய மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் ஆலை வைத்திருக்கும் அதே மிஷெலினா?

அதே கம்பெனிதான்.

கேள்வி: இறுதிப்போட்டி என்றாலே தோற்பார்களாமே, சாபமா?

சாபம் என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதலில் பிரெஞ்சு சாம்பியன் பட்ட இறுதிப்போட்டிகளில் மற்ற கிளப்புகளிடம் தோற்ற கணக்கைப் பார்ப்போம். 1936இல் நார்போனிடம் 6–3. 1937இல் வியென்னிடம் 13–7. 1970இல் லா வூல்ட்டிடம் 3–0. 1978இல் பெசியேயிடம் 31–9. அப்புறம் துலூஸிடம் 1994, 1999, 2001 என்று மூன்று முறை. 2007இல் பாரிஸின் ஸ்டாட் ஃபிரான்சேயிடம், 2008இல் மறுபடி துலூஸிடம், 2009இல் பெர்பின்யானிடம். மொத்தம் பத்து.

எதிரே நின்றவர்கள் யார் என்று பாருங்கள். பெசியே 1971 முதல் 1984 வரை பத்து முறை சாம்பியன். துலூஸ் 1994இலிருந்து தொடர்ந்து நான்கு முறை சாம்பியன் கேடயத்தை எடுத்த அணி. அந்தந்தக் காலத்தில் நாட்டிலேயே பலமான அணியிடம் தோற்றார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கிளப்பின் சிறந்த வீரர் யார்?

ஒரே பெயர் என்றால் ஒரெலியான் ரூஜரி. அப்பா ஜாக் ரூஜரியும் இதே கிளப்புக்கு ஆடியவர். மகன் 1999 முதல் 2018 வரை வேறு கிளப் பக்கமே போகவில்லை. ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் டோனி மார்ஷ். நியூசிலாந்தில் பிறந்து பிரான்சுக்காக ஆடியவர். 2003இல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை முடித்து, அதே ஆண்டு உலகக் கோப்பையில் ஆடினார்.

கேள்வி: பந்தயத்தில் பதின்மூன்று பேர்தானே?

அது ரக்பி லீக். இது ரக்பி யூனியன், பதினைந்து பேர். இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

கேள்வி: பலமான எதிரணி என்று சமாளிக்கிறீர்கள். 2007, 2008, 2009 மூன்று ஆண்டும் வரிசையாகத் தோற்றது மனபலம் இல்லாததால்தானே? (சாபம் பற்றிக் கேட்டவரே)

சரி, நேராகவே பேசுவோம். 2007இல் 18–16 என்று முன்னிலையில் இருந்தார்கள். கடைசி நிமிடங்களில் ஸ்டாட் ஃபிரான்சேயின் ராடிகே சாமோ ஒரு ட்ரை வைத்தார் (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது), 23–18 என்று தோற்றார்கள். அதை மனபலக் குறைவு என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மனபலம் இல்லாத அணி, தோற்ற மறு ஆண்டே இறுதிக்கு வருமா? அதற்கடுத்த ஆண்டும் வருமா? நான்காவது ஆண்டும் வந்தார்களே.

கேள்வி: ஐரோப்பியக் கோப்பை 2013? அதற்கு என்ன சொல்வீர்கள்? (மறுபடியும் அவரே)

அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். டப்ளினில் இன்னொரு பிரெஞ்சு கிளப்பான தூலோனுக்கு எதிராக 15–6 என்று இருந்த ஆட்டத்தை 15–16 என்று விட்டார்கள். தூலோனின் டெலோன் ஆர்மிட்டேஜ் ட்ரை வைக்கக் கோட்டை நெருங்கும்போது, துரத்தி வந்த கிளெர்மோன் வீரர் ப்ரோக் ஜேம்ஸுக்குக் கையசைத்துக்கொண்டே போனார். அதை இன்றைக்கும் என்னால் முழுதாகப் பார்க்க முடியாது. அது கைக்கு வந்த கோப்பை. 2015இல் மறுபடி தூலோனிடமும் 2017இல் இங்கிலாந்தின் சாரசென்ஸிடமும் தோற்றது வேறு, அவை எதிரணி வென்ற ஆட்டங்கள். (துலூஸ் வேறு, தூலோன் வேறு. இரண்டு பேர் குழப்பி எழுதியிருக்கிறார்கள்.)

ஒன்றை யாருமே கேட்கவில்லை. 2009 கடைசியிலிருந்து 2014 மே வரை சொந்த மைதானத்தில் 77 ஆட்டங்கள் தோற்காமல் ஆடிய அணி இது. காஸ்த்ர் கிளப்தான் வந்து 22–16 என்று அதை முடித்தது. தோல்விகளை எண்ணுகிறவர்கள் இதையும் எண்ண வேண்டும்.

கேள்வி: கம்பெனி வேலை கொடுத்து ஆள் பிடித்தார்கள் என்பது உண்மையா?

1995 வரை ரக்பி யூனியனில் ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. வீரருக்குப் பிழைப்பு வேண்டுமே. ஊரிலேயே பெரிய தொழிற்சாலை இருந்தால் அங்கே வேலை பார்ப்பார், மாலையில் பயிற்சிக்கு வருவார். இது ஒரு கிளப்பின் கதையல்ல. பிரெஞ்சு கிளப்புகள் மறைமுகமாகப் பணம் கொடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு ஒரு முக்கியக் காரணமாகி, 1931இல் பிரான்சை ஐந்து நாடுகள் போட்டியிலிருந்தே விலக்கினார்கள். போர் முடிந்து 1947இல்தான் திரும்பச் சேர்ந்தது.

கேள்வி: இவர்களுக்குச் சாபம் என்கிறார்களே?

மேலே படியுங்கள்.

கேள்வி: பிரெஞ்சு இறுதிப்போட்டியில் முதல் வெற்றி எப்படி இருந்தது?

2010 மே 29. எதிரே அதே பெர்பின்யான். பயிற்சியாளர் வெர்ன் காட்டர், அணித்தலைவர் ரூஜரி. எங்கள் நலாகாவின் ட்ரை, கடைசியில் 19–6. நான் பாரிஸுக்குப் போகவில்லை. கிளெர்மோனின் ஜோத் சதுக்கத்தில், ரோமானியர்களை எதிர்த்த பழங்காலத் தலைவன் வெர்சிங்கெட்டோரிக்ஸ் குதிரைமேல் இருக்கும் சிலைக்குப் பக்கத்தில், பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், பழைய மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். விசில் சத்தம் கேட்டதும், "முடிஞ்சதா? நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்.

இரண்டாவது வெற்றி 2017இல், தூலோனுக்கு எதிராக 22–16.

கேள்வி: வென்றால் கோப்பை தருவார்களா?

கோப்பை இல்லை, பிரெனுஸ் கேடயம். மரப்பலகையில் பித்தளைத் தகடு. யோசனை நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியேர் த கூபெர்த்தேனுடையது, செதுக்கியவர் சார்ல் பிரெனுஸ், 1892. பிரெஞ்சுக்காரர்கள் செல்லமாக 'மரத்துண்டு' என்பார்கள்.

கேள்வி: சாபம் நீங்கப் பூசை ஏதாவது செய்தார்களா?

இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: நேரில் பார்க்க எப்படிப் போவது?

ஜோத் சதுக்கத்திலிருந்து 'ஏ' வழித்தட டிராம், மைதானத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. அந்த டிராமும் ரப்பர் டயரில்தான் ஓடுகிறது. ஆட்ட நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏறிவிடுங்கள், உள்ளே முழுக்க மஞ்சளாக இருக்கும்.