நாற்பது சதவீதம் என்றால் எதில் நாற்பது?

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “போக்கர் ஆட்ட உத்திகளைத் தமிழில் விளக்கும் ஓர் இணையதளம் நடத்துகிறேன். மூன்று போக்கர் நிறுவனங்கள் ஆட்டக்காரர்களை அனுப்பிவைத்தால் பணம் தரும் தங்கள் அஃபிலியேட் திட்டத்தில் சேர அழைத்திருக்கின்றன. ஒன்று 25 சதவீத வருவாய்ப் பங்கு தருகிறது, இன்னொன்று 40 சதவீதம். மூன்றாவது, நான் அனுப்பும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரே தடவையாக 100 டொலர். 40 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளலாமா?”

மூன்று ஒப்பந்தங்களையும் முழுதாகப் படிக்கும் முன் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எதற்கு 40 சதவீதம் என்பதை முதலில் பாருங்கள்.

போக்கரில் நிறுவனம் ஆட்டக்காரருக்கு எதிராக ஆடுவதில்லை. மேசையில் சேரும் பணத்திலிருந்து ஒரு சிறு பகுதியையும், போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதுதான் ரேக். உங்கள் பங்கு பெரும்பாலும் ரேக்கில் கணக்கிடப்படுவதில்லை. கழிவுகள் போக மிஞ்சும் நிகர வருவாயில்தான் கணக்கிடப்படும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நீங்கள் அனுப்பியவர்கள் மாதம் 1,000 டொலர் ரேக் கட்டுகிறார்கள். 40 சதவீத நிறுவனம் அதில் போனஸ், வெகுமதி என்று 300, பணப் பரிமாற்றச் செலவு 80, நிர்வாகக் கட்டணம் 200 கழிக்கிறது. மிச்சம் 420; உங்களுக்கு 168 டொலர். 25 சதவீத நிறுவனம் போனஸ் 300 மட்டும் கழித்தால் மிச்சம் 700. உங்களுக்கு 175 டொலர். நிர்வாகக் கட்டணம் என்ற ஒரு வரி உங்கள் கணக்கையே தலைகீழாக்கிவிடும். அந்த வரி எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கையில், அதாவது ஒரு சுற்று ஆட்டத்தில், எடுத்த ரேக்கை எந்த ஆட்டக்காரர் பெயரில் எழுதுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சீட்டு வாங்கிய எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது ஒரு முறை. பானையில், அதாவது அந்தச் சுற்றில் சேரும் பந்தயப் பணத்தில், யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தில் பிரிப்பது இன்னொன்று. தொடர்ந்து தோற்பவர் பெயரில் அதிகமும், ஜெயிப்பவர் பெயரில் குறைவும் எழுதும் முறைகளும் வந்திருக்கின்றன. உங்களிடம் வருபவர்கள் உத்தி படிக்க வருகிறார்கள். பொறுமையாக ஆடுவார்கள், பல கைகளில் பணம் போடாமலே சீட்டை மடித்து விலகிவிடுவார்கள். சமப் பிரிவில் அவர்கள் உங்களுக்கு நல்ல வருமானம் தருவார்கள். மற்ற இரண்டு முறைகளிலும் அவர்களுடைய மதிப்பு குறைந்துவிடும். தோற்பவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லும் கணக்குமுறையில், நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் சேரவே கூடாது என்பது என் கருத்து.

ஆளுக்கு 100 டொலர் என்பதற்கும் நிபந்தனை இருக்கும். குறைந்தபட்ச வைப்புத்தொகை, குறிப்பிட்ட அளவு ரேக், இத்தனை நாள் கெடு. நின்று ஆடும் வாசகர்கள் உள்ள உங்களுக்கு வருவாய்ப் பங்கே பொருந்தும்.

போக்கருடன் கசினோவும் விளையாட்டுப் பந்தயமும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஒருவர் பெரிய தொகை ஜெயித்தால் உங்கள் கணக்கு கடனுக்குள் போகலாம். அந்தக் கடன் அடுத்த மாதத்துக்கும் தொடரும் என்று ஒப்பந்தம் சொன்னால், போக்கரைத் தனிக் கணக்காக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

“வாழ்நாள் முழுவதும் பங்கு” என்ற சொல்லுக்கு நான் ஒருமுறை ஏமாந்தேன். அதே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், நிபந்தனைகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இருந்தது; மாற்றினார்கள். மூன்று மாதம் புதியவர் யாரையும் அனுப்பாவிட்டால் பங்கு குறையும் என்ற விதியும் அப்படித்தான் ஒளிந்திருக்கும். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பழைய நிபந்தனையே தொடருமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

இனி சட்டம். நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் தனியார் இணையச் சூதாட்ட நிறுவனங்களுக்கான ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தை 2022 ஏப்ரல் 4 அன்று திறந்தது. நிறுவனம் மாகாணத்தின் மது, சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையமான ஏஜிசிஓவில் பதிவு பெற்று, மாகாண அரசு அமைப்பான ஐகேமிங் ஒன்ராறியோவுடன் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். மூன்று பெயர்களையும் அதிகாரபூர்வப் பட்டியலில் தேடுங்கள். இல்லாததை இன்றே ஒதுக்கிவிடுங்கள். போனஸ் சலுகையை நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு வெளியே பொதுவில் விளம்பரப்படுத்த அங்கே அனுமதி இல்லை. ஆகவே போனஸ் தொகையைப் பெரிதாகப் போட்ட பேனரை உங்களிடம் ஒரு நிறுவனம் கொடுத்தால், அது விதியை மதிக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. உங்கள் வாசகர்களில் ஒரு பகுதியினர் சென்னையிலும் மதுரையிலும் இருப்பார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. அவற்றை விளம்பரப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தியாவிலிருந்து வருபவருக்கு அந்த இணைப்புகள் தெரியாதபடி தளத்தை அமைத்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

உரிமம் இருந்தால் மட்டும் போதுமா? ஃபுல் டில்ட் போக்கர் என்ற இணைய போக்கர் தளத்திடம் ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஆல்டர்னி தீவின் உரிமம் இருந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அதன் இணைய முகவரியை முடக்கிய பிறகுதான், ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப் போதிய பணம் அதன் கையில் இல்லை என்பது வெளியே வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை கிடைக்க 2014 பிப்ரவரி ஆயிற்று. அந்தத் தளத்தைப் பரிந்துரைத்து எழுதியவர்களை நம்பிப் பணம் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஆட்டக்காரர்களின் பணம் நிறுவனத்தின் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியை உங்கள் வாசகர்களுக்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் சொந்தப் பணத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டியலில் மிஞ்சும் தளத்தில் சாதாரண ஆட்டக்காரராகக் கணக்குத் திறந்து 50 டொலர் போடுங்கள். நீங்கள் ஆடும் நேரத்தில், உங்கள் வாசகர்கள் ஆடக்கூடிய சிறு தொகை மேசைகளில் ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒரு வாரம் பாருங்கள். பிறகு மீதிப் பணத்தைத் திரும்பக் கேட்டு, அது வங்கிக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது, இடையில் எத்தனை ஆவணம் கேட்கிறார்கள் என்று குறித்து வையுங்கள்.