கார்பன் ஃபில்டர் ஃபேன் வைத்தும் சால்டர் புகை முகத்துக்கே வருகிறது என்றால்

ஈயக் கலவையான சால்டரை உருக்கி எலக்ட்ரானிக் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும்போது, புகையை இழுக்க ஃபேன் வைத்தும் புகை முகத்துக்கே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஃபேனை இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள். ஒன்றரை அடி தள்ளி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். ஊதும் காற்று தூரம் போகும், இழுக்கும் காற்று போகாது. 12 செ.மீ. ஃபேன் என்றால், 12 செ.மீ. தள்ளியே இழுக்கும் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். போர்டுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க: துளி சால்டரை டிப்பில் (சால்டரிங் அயர்னின் சூடான நுனியில்) தொட்டு, புகையைக் கவனியுங்கள். நேராக மேலே எழும்பினால் ஃபேன் வேலை செய்யவில்லை. எழும்பியதுமே பக்கவாட்டில் வளைந்தால் சரி. அப்புறம், போர்டின் மேலேயே குனிந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் எந்த ஃபேனும் காப்பாற்றாது.

ஈயம் ஆவியாகிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஈயத்தின் கொதிநிலை 1749 டிகிரி செல்சியஸ், டிப் 350-ஐச் சுற்றித்தான் இருக்கும். தொண்டையைக் கரகரக்க வைப்பது ஃபிளக்ஸில் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருளில்) உள்ள ரோசின் என்ற பைன் மரப் பிசினின் புகை. டிப் 400-க்கு மேல் இருந்தால் குறைத்துப் பாருங்கள், புகையும் குறையும். ஈயம் கைவழியாகத்தான் வாய்க்குப் போகும், முடித்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஒன்று மட்டும்: ஃபேனில் இருக்கும் கார்பன் ஃபில்டர், அதாவது அந்த மெல்லிய கருப்பு ஸ்பாஞ்ச், கொஞ்சம் வாடையைப் பிடிக்கும், நுண்துகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். குழாய் மாட்டி ஜன்னலுக்கு வெளியே தள்ளுவதே மேல். இருமலோ இழுப்போ தொடர்ந்தால் சால்டரிங்கை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ரோசின் புகை ஆஸ்துமாவையே வரவழைக்கக் கூடியது.