பதில்: ஜெர்மன் தலைமையகம் ஏன் இழுத்தடிக்கிறது?

நிர்வாகக் குழு சம்மதித்த பிறகும், வேலைகளை இந்தியாவுக்கு மாற்றும் திட்டத்தை 'மேற்பார்வைக் குழு' நிறுத்தி வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். யாரும் உங்களை அலைக்கழிக்கவில்லை, நண்பரே. நம் 2013 கம்பெனிகள் சட்டப்படி இயக்குநர் குழு ஒன்றுதான். ஜெர்மனியின் பெரிய நிறுவனங்களில் இரண்டு குழுக்கள். மேற்பார்வைக் குழுதான் நிர்வாகக் குழுவை நியமிக்கிறது. அங்கே 2,000 ஊழியர்களுக்கு மேல் இருந்தால், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. (வாக்கு சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு, அவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு.) தங்கள் வேலை கடல் தாண்டும்போது அவர்கள் சும்மா இருப்பார்களா? லாபக் கணக்கை ஓரமாக வையுங்கள். அங்கே எத்தனை பேர் வேலை இழப்பார்கள், அவர்களுக்கு என்ன மாற்று என்று முதலில் எழுதி அனுப்புங்கள்.